அழிக்காமல் எழுதிய ஒரு நிமிடம்

என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக்காரிக்கு எதையும் அழிக்க மனம் வராது. அவளுடைய போனைக் கையில் எடுத்தால் இடமில்லை, இடமில்லை என்று அது கத்திக்கொண்டே இருக்கும். உள்ளே பார்த்தால் கை ஆடி மங்கிப்போன படங்கள், யாரோ ஒருத்தருடைய முழங்கை, போன வருசத்து பஸ் டிக்கெட். "இதையெல்லாம் வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டால், "கிடக்கட்டும், உமக்கென்ன அவசரம்?" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். நான் மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் ஆட்கள் படுக்கவே இடம் போதாது, இதில் வேண்டாததை எங்கே வைப்பது? அன்றன்றைக்குக் கழித்துக்கட்டித்தான் எனக்குப் பழக்கம்.

எங்கள் வேலைத்தலம் கட்டுகஸ்தோட்டையில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. முதலாளி கடுகண்ணாவைக்காரர், நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். பாடசாலை மணி, ஹோட்டல் தண்ணீர்த் தாங்கிக்கு அலாரம் என்று என்னென்னவோ செய்துகொடுக்கிறோம். ஆனாலும் எங்களுக்குச் சோறு போடுவது பள்ளிவாசல் மணிக்கூடுதான். சிவப்பு எண்கள் எரியும் நீளப் பலகை. ஐந்து வேளைத் தொழுகைக்கும் உரிய நேரம் வருசம் முழுக்க அதற்குள் இருக்கும். நேரம் வந்ததும் மணி அடிக்கும், மோதினார் மைக்கைப் பிடித்துத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்வார். புரோகிராம் எழுதுவது அவள். ஈயம் வைத்து ஒட்டுவது, பெட்டி பூட்டுவது, ஏணியில் ஏறி மாட்டுவது எல்லாம் நான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே சம்பளம். வாய் மட்டும் எனக்குக் கொஞ்சம் கூட.

அந்த நேரங்கள் எல்லாம் ஒரு சின்னச் சிப்புக்குள் இருக்கின்றன. மைக்ரோகொன்ட்ரோலர் என்று பெயர். கரண்ட் போனாலும் மறக்காத ஞாபகம் ஒன்று அதற்குள் உண்டு, அதைத்தான் ஃப்ளாஷ் என்கிறோம். ஆனால் அந்த ஞாபகத்துக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. ஏற்கெனவே எழுதியிருக்கும் இடத்தில் புதிதாக எழுத வேண்டுமானால் முதலில் அழிக்க வேண்டும். அழிப்பதென்றாலும் ஒற்றை எண்ணை மட்டும் அழிக்க விடாது. அது இருக்கும் பக்கம் முழுவதையும் அழித்தாக வேண்டும். ஒரு நாளைத் திருத்தப் போனால் அக்கம்பக்கத்து நாட்களும் சேர்ந்து போய்விடும்.

சும்மா சொல்லக்கூடாது, எதையும் அழிக்க மாட்டாத இவள், அழித்தே ஆகவேண்டும் என்று வந்துவிட்டால் செய்கிற வேலையைப் பார்க்கவேண்டும். முதலில் அந்தப் பக்கம் முழுவதையும் கம்பியூட்டருக்குப் பிரதி எடுப்பாள். பிரதி சரியா என்று மறுபடி வாசித்துப் பார்ப்பாள். நடுவில் கரண்ட் போனால் சிப்பும் பிரதியும் இரண்டும் கெட்டுவிடும் என்பதால் பாட்டரிப் பெட்டியைக் கொழுவுவாள். அப்புறம்தான் அழிப்பு. அது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். உடனே எழுத மாட்டாள். எல்லா இடமும் உண்மையிலேயே வெறுமையாகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். எழுதுவாள், எழுதியதை வாசிப்பாள், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவாள். "இதுக்குள்ள நான் சோறு வடிச்சு எறக்கிருவேன்" என்று நான் சொன்னால், "வடியும், எனக்கும் சேர்த்து வடியும்" என்பாள், தலையை நிமிர்த்தாமலே. வெளியே கேலி செய்தாலும் உள்ளுக்குள் எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை. அவள் கையால் போன பலகை எதுவும் திரும்பி வந்ததில்லை.

நோன்பு மாதம் தொடங்குவதற்கு முந்திய வாரம் அக்குறணைக்கு மேலே மலையில் இருக்கிற ஒரு சின்னப் பள்ளிவாசலிலிருந்து அழைப்பு வந்தது. கீழே டவுன் பள்ளிவாசலின் புது அட்டவணைக்கும் இவர்கள் பலகைக்கும், பொழுது படும் மஃரிப் நேரத்தில் ஒரு நிமிடம் வித்தியாசம். நோன்பு திறக்கிற நேரத்தில் மேலே ஒரு பாங்கும் கீழே ஒரு பாங்குமாக இருந்தால் சரிவராது, ஒரு நிமிடத்தைக் குறைத்துத் தாருங்கள் என்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு போனோம். பள்ளி நிர்வாகத் தலைவர் ஹாட்வெயார் கடைக்காரர், எல்லாரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். மோதினார் அறுபது தாண்டியவர், ஒல்லி, பேச்சுக் குறைவு. பலகையைத் தாமே இறக்கி, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அலுவலக அறைக்குக் கொண்டுவந்து தந்தார். பள்ளிக்குப் பின்னால் ஒரு அறையில் மனைவியோடு இருக்கிறார். வேலையோடு சேர்ந்துதான் அந்த வீடும்.

அன்றைக்கென்று வானம் கறுத்து இடி இடித்தது. லைட் மங்குவதும் எரிவதுமாக இருந்தது. பாட்டரிப் பெட்டியை முதலாளி குண்டசாலைக்கு வேறு வேலைக்குக் கொண்டுபோயிருந்தார். பலகையில் அந்த நேரங்கள் இருந்த அதே பக்கத்தில்தான் மோதினார் ரிமோட்டில் தட்டித் தட்டித் தன் பள்ளிக்கு ஏற்ற மாதிரி வைத்திருந்த எல்லாமும் இருந்தன. பாங்குக்கும் தொழுகைக்கும் இடையில் எத்தனை நிமிடம், மணி எவ்வளவு சத்தம், வெளிச்சம் எவ்வளவு என்று. பிரதி எடுக்கிற கம்பியூட்டரும் அதே கரண்டில்தான் ஓடியது, அழிக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போனால் அத்தனையும் போய்விடும். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். இருபத்தைந்தை இருபத்துநாலு ஆக்குவதற்கு அழிக்கவே தேவையில்லை, மேலாலே எழுதினாலே மாறிவிடும் என்றாள். எழுதினாள். முதல் நோன்பு நாளைப் பலகையில் வரவழைத்துப் பார்த்தாள். ஆறு இருபத்துநாலு என்று சரியாகக் காட்டியது. அதற்குள் பின்னேரத்து அசர் பாங்குக்கு நேரமாகிவிட்டது என்று மோதினார் வந்து நின்றார். பலகையைக் கொடுத்துவிட்டு, மழையில் நனைந்து பஸ் பிடித்தோம்.

நோன்பு தொடங்கி ஒரு வாரம் எந்தப் பிரச்சினையும் இல்லை. அதற்கப்புறம் ஒரு நாள் பொழுது படுகிற நேரம். கடையைப் பூட்டப் போகும்போது முதலாளியின் போன் அடித்தது. அவர் முகம் வெளுத்துப்போனது. மேலே மலைப் பள்ளியில் பலகை ஆறு பதினாறுக்கே மணி அடித்துவிட்டதாம். மோதினார் பாங்கு சொல்லிவிட்டாராம். அந்தப் பாங்கைக் கேட்டு ஊரில் அத்தனை வீட்டிலும் ஈச்சம்பழத்தை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, கஞ்சிக் கோப்பையைத் தூக்கிவிட்டார்கள். ஏழு நிமிடம் கழித்துக் கீழே டவுன் பள்ளியின் பாங்கு ஏறி வந்தபோதுதான் எல்லாருக்கும் விளங்கியிருக்கிறது. விடியற்காலையிலிருந்து பட்டினி கிடந்த ஊர், சூரியன் மறைவதற்கு முன்னால் நோன்பைத் திறந்துவிட்டது. அந்த ஒரு நோன்பை எல்லாரும் பிறகு திரும்பப் பிடிக்கவேண்டும். வயதானவர்கள், பால் கொடுக்கிற தாய்மார், எல்லாரும்.

"ரிமோட்ல யாராச்சும் கைய வச்சிருப்பாங்க ஹாஜியார், எங்க பலகை அப்படிப் பண்ணாது" என்று முதலாளி சொல்லிவிட்டார். அவர் யாரையும் மாட்டிவிட நினைத்துச் சொல்லவில்லை, பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னார். ஆனால் ரிமோட் இருப்பது ஒரே ஒருவர் கையில். மோதினாரிடம் ரிமோட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை கூட்டம் கூடி முடிவு செய்யும்வரை அவர் பாங்கு சொல்லவேண்டாம், வேறு ஒருவர் சொல்லட்டும் என்றார்களாம்.

மறுநாள் காலை நான் போகும்போது அவள் ஏற்கெனவே மேசையில் இருந்தாள். அதே மாதிரிச் சிப் ஒன்றில் பழைய அட்டவணையைப் போட்டு, மலைப் பள்ளியில் செய்தது போலவே அழிக்காமல் மேலாலே எழுதி, நாட்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு, இருபத்துநாலு, இருபத்துநாலு. முந்திய நாளின் தேதி வந்ததும் பலகை 6:16 என்று காட்டியது. பின்னுக்குப் போய், மறுபடி முன்னுக்கு வந்தாள். மறுபடியும் 6:16.

"பிழை என்ரைதான். அழிக்காமல் எழுதினனான்" என்றாள்.

முதலாளி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. சர்வீஸ்னு சொல்லி இன்னைக்குப் போய்ச் சரி பண்ணிட்டு வந்துருங்க. வேற எதுவும் பேச வேணாம். ஒரு பள்ளியில கதை பரவுனா ஒரு பள்ளியும் நம்மகிட்ட வராது. நம்ம மூணு பேரு பொழப்பும் இதுலதான் இருக்கு." அவர் சொன்னதும் பொய்யில்லை. எனக்கு வீட்டு வாடகை ஞாபகம் வந்தது.

அவள் கேட்டது ஒன்றுதான். "அப்ப அந்த மனுசன்?"

அவள் பாட்டரிப் பெட்டியைத் தோளில் மாட்டினாள். "நீர் வாறீரோ?" என்று என்னைக் கேட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "வராம? ஏணியில யாரு ஏறுவா, உங்க தாத்தாவா?" என்று சத்தம் போட்டுக்கொண்டே செருப்பை மாட்டினேன்.

அக்குறணை டவுனில் வாகனம் நகரவில்லை. நோன்பு மாதத்தில் அந்த ரோட்டில் போவது கொடுமை. நகரவும் நகராது, இரண்டு பக்கமும் சமோசாவும் வட்டிலப்பமுமாக மணக்கும். பசியில் எனக்குக் காது அடைத்தது. அவள் கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது, திறக்கவில்லை. "குடிங்க, நாம ஒண்ணும் நோன்பு இல்லையே" என்றேன். "குடிச்சிட்டுப் போய் அந்தச் சனத்துக்கு முன்னாலை எப்பிடி நிக்கிறது?" என்றாள். அதற்கப்புறம் என்னாலும் குடிக்க முடியவில்லை, பாவி.

அலுவலக அறையில் ஹாஜியாரும் நிர்வாகத்தில் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். மோதினார் உள்ளே வரவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். ஒரே இரவில் மனிதர் பாதியாகிவிட்டிருந்தார். பலகை மேசைமேல் கிடந்தது.

அவள் உட்காரவில்லை. "ஹாஜியார், மோதினார் ஐயாவிலை ஒரு பிழையும் இல்லை. ரிமோட்டாலை வந்ததும் இல்லை. நேரத்தை மாத்தினது நான். மாத்தின விதம் பிழை. உங்கட நோன்பு கெட்டது என்னாலை" என்றாள். ஒரு சொல்லும் விழுங்கவில்லை. அவ்வளவு நேராக ஒருவர் தன் பிழையைச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. எங்கள் ஆட்கள் எல்லாரும், என்னையும் சேர்த்து, பூசி மெழுகுவதில் கெட்டிக்காரர்கள்.

ஹாஜியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நாங்க ஒரு நிமிசம் கொறைக்கச் சொன்ன. பழைய நேரத்தில எட்டு நிமிசம் கொறஞ்சீக்கி. அது எப்பிடி?" என்று கேட்டார். கேள்வியில் கோபம் இருந்தது, ஆனாலும் கேட்டார்.

அவள் வலது கையை நீட்டிக் காட்டினாள். "இந்தச் சிப் ஒரு எண்ணை ஒரு கை மாதிரித்தான் வைச்சிருக்கும். பெருவிரல் பதினாறு, அடுத்தது எட்டு, பிறகு நாலு, ரெண்டு, சின்னவிரல் ஒண்டு. நிமிர்ந்து நிக்கிற விரலை மட்டும் கூட்டவேணும்." பெருவிரல், சுட்டுவிரல், சின்னவிரல் மூன்றையும் நிமிர்த்தினாள். பதினாறும் எட்டும் ஒன்றும், இருபத்தைந்து. "இந்தச் சிப்பிலை ஒரு விரலைத் தனிய மடக்கலாம். மடக்கின விரலைத் தனிய நிமிர்த்த ஏலாது. நிமிர்த்த வேணுமெண்டால் கை முழுக்க விரிக்கவேணும். அதுதான் அழிக்கிறது." சின்னவிரலை மடக்கினாள். "இருபத்தைஞ்சு இருபத்துநாலு ஆகீட்டுது. அழிக்கத் தேவையில்லை. முதல் கிழமை அதாலைதான் சரியா இருந்தது."

"பிறகு?" என்றார் ஹாஜியார். அவர் கையும் மேசைமேல் விரிந்திருந்தது.

"பிறகு பொழுது முந்திப் படத் தொடங்கீட்டுது. பழைய அட்டவணையிலை இருபத்துநாலு, புதுசிலை இருபத்துமூண்டு. இருபத்துமூண்டுக்கு எட்டை மடக்கவேணும். நாலையும் ரெண்டையும் ஒண்டையும் நிமிர்த்தவேணும். மடக்கிறது நடந்தது. நிமிர்த்திறது நடக்கேல்லை." சுட்டுவிரலை மடக்கினாள். பெருவிரல் மட்டும் தனியாக நின்றது. "பதினாறு."

அறையில் இருந்த எல்லாரும் அந்தப் பெருவிரலையே பார்த்தார்கள். சண்டைக்கு வந்த இடத்தில் நன்று என்று விரலைக் காட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். நிர்வாகத்தில் ஒருவர் தன் விரல்களை மடக்கி நிமிர்த்திப் பார்த்து, "சரிதான்" என்றார்.

"இது எனக்குத் தெரிஞ்ச விசயம். படிச்சது, ஒவ்வொரு நாளும் செய்யிறது. அண்டைக்கு அழிச்சால் எல்லாம் போயிடுமெண்டு பயந்து, ஒரு நாளை மட்டும் பாத்திட்டு விட்டிட்டன்" என்றாள்.

"வேற பள்ளிகளுக்கும் இப்பிடிச் செஞ்சீக்கிறயா?"

"இல்லை. இங்கை மட்டும்தான். காலமை எல்லாத்தையும் பாத்திட்டுத்தான் வந்தனான்."

ஹாஜியார் வாசல் பக்கம் திரும்பினார். "அப்ப மோதினார்ட பெழ இல்ல" என்றார், யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்வது போல. அவரை உள்ளே கூப்பிட்டு, ரிமோட்டை மேசையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார். மோதினார் அதை வாங்கினார், ஆனால் முகம் தெளியவில்லை. "நான் அதத் தொட்டுமில்ல எண்டு ராவெல்லாம் சொன்ன" என்றார். "ஆனா ஊரு நோன்பத் தொறந்தது என்ட பாங்கக் கேட்டுத்தானே. ஒருத்தர்டயும் மொகத்தப் பார்க்க ஏலாம ஈக்கி."

அவள் வேலையைத் தொடங்கினாள். அன்றைக்கு வானம் தெளிவாக இருந்தது, இருந்தாலும் பாட்டரிப் பெட்டியைக் கொழுவினாள். பிரதி எடுத்தாள், வாசித்தாள், அழித்தாள். பலகையில் எண்கள் எல்லாம் போய் வெறும் கோடுகள் மட்டும் நின்றன. நிர்வாகத்தார் கொஞ்சம் பதறினார்கள், அவள் பதறவில்லை. ஒவ்வொரு இடமும் வெறுமைதானா என்று பார்த்த பிறகு எழுதினாள். எழுதி முடித்ததும் ஒரு நாளையும் விடாமல் பலகையில் வரவழைத்து, நேரத்தை உரக்க வாசித்தாள். ஹாஜியார் டவுன் பள்ளி அட்டவணையைக் கையில் வைத்து ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றார். வருசம் முழுக்க. பட்டினி வயிற்றோடு அந்த மனிதரும், தொண்டை வறண்டு குரல் கம்மிப்போன இவளும். பாதியில் நான் வாசிக்கிறேன் என்றேன், விடவில்லை. மோதினார் தன் பழைய அமைப்புகள் அத்தனையும் திரும்பி வந்திருக்கின்றனவா என்று ரிமோட்டில் தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நான் ஏணியில் ஏறிப் பலகையைப் பள்ளி விறாந்தைச் சுவரில் மாட்டிவிட்டு இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பைகளை எடுத்தோம். ஹாஜியார் மோதினாரிடம், "இண்டைக்கி நீங்களே பாங்கு சொல்லுங்க" என்றார்.

மோதினார் பலகையை நிமிர்ந்து பார்த்தார். "இத நம்பிச் சொல்ல எனக்கு ஏலா ஹாஜியார்" என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்ன சொல்வது, அவர் சொன்னது நியாயம்தானே.

பிறகு மோதினார் அவளைப் பார்த்து, "மகள், நீங்க மஃரிப் வரைக்கும் ஈங்க" என்றார்.

இருந்தோம். அலுவலக வாசலில் இரண்டு கதிரை போட்டார்கள். பள்ளி விறாந்தையில் ஆண்கள் வந்து வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள், முன்னால் கஞ்சியும் ஈச்சம்பழமும். எல்லாரும் பலகையையே பார்த்தார்கள். அவள் மடியில் போனை வைத்து நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு பதினாறு வந்தது. பலகை பேசாமல் இருந்தது. பதினாறு போய்ப் பதினேழு ஆனபோதுதான் அவள் மூச்சு விட்டாள். நானும்தான்.

ஆறு இருபத்துமூன்று. பலகை மணி அடித்தது. விறாந்தையில் கைகள் ஈச்சம்பழத்தின் மேல் நின்றன. மோதினார் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஊர் முழுக்க வீட்டு வாசல்களில் காத்திருக்க, அந்த மனிதர் திரும்பி, திறந்திருந்த பள்ளிக் கதவு வழியாக அவளைப் பார்த்தார்.

அவள் போனைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், எழுந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது. "ஓம் ஐயா, சரி" என்று சொல்லித் தலையை ஆட்டினாள்.

அவர் பாங்கு சொல்லத் தொடங்கினார்.